ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மிச்சம்: குடும்பத்தோடு முதல் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி 26 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறீர்கள். குளித்து முடித்து, ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட முடிகிறதா? பத்து மணிக்குக் காய்கறி வாங்கப் போய்வர முடிகிறதா? முடிகிறது என்றால் சரியான வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். கட்டிலில் விழுந்து சாயங்காலம் வரை எழ முடியவில்லை என்றால் தேவைக்கு மேல் வேகமாக ஓடிவிட்டீர்கள். வாட்ச் எவ்வளவு பாராட்டினாலும் என் கணக்கு இதுதான்.

இதை நான் தெரிந்துகொண்டது முதல் மாரத்தானுக்குப் பிறகு. திருவான்மியூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, மாமியார் எங்களோடு இருக்கிறார். 2023 ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடினேன். முதல் பாதியை 2 மணி 24 நிமிடத்தில் முடித்தேன். இரண்டாம் பாதிக்கு 3 மணி 24 நிமிடம் ஆனது. 30-வது கிலோமீட்டருக்குப் பிறகு பெரும்பாலும் நடைதான். அடுத்த இரண்டு நாள் படியில் இறங்க முடியவில்லை. அதைவிட வலித்தது, பயிற்சி நடந்த ஐந்து மாதமும் வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி மெதுவாக நடந்து, குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு மகள் சொன்னது. “அம்மா லாங் ரன் போயிட்டு வந்திருக்காங்க, எழுப்பாதே” என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லியே அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன.

மறு ஆண்டு அதே தூரம். இரண்டு பாதியும் ஏறக்குறைய சமம், மொத்தம் 5 மணி 15 நிமிடம். அன்று மதியம் எல்லோருமாக வெளியே சாப்பிடப் போனோம். இடையில் என்ன மாற்றினேன் என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றிரண்டு 10 கி.மீ. பந்தயமோ ஓர் அரை மாரத்தானோ முடித்துவிட்டு, முழுத் தூரமான 42.195 கி.மீ. பற்றி யோசிக்கும் குடும்பஸ்தர்களுக்கான குறிப்புகள் இவை. சென்னை மாரத்தான் பொங்கலுக்கு முன், ஜனவரி தொடக்கத்தில் வருகிறது. அதை வைத்தே தேதிகளைச் சொல்கிறேன். வேறு ஊர்ப் பந்தயம் என்றால் மாதங்களை நகர்த்திக்கொள்ளுங்கள்.

படி 1: பணம் கட்டுவதற்கு முன் மணிக்கணக்கு

பதிவு செய்துவிட்டு வீட்டில் “சர்ப்ரைஸ்” சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, வாரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்று எழுதுங்கள்.

உச்ச வாரத்தில் என் கணக்கு இது: செவ்வாய் ஒரு மணி நேரம், வியாழன் ஒன்றரை மணி, சனி முக்கால் மணி, ஞாயிறு நான்கு மணி. ஏழேகால் மணி நேரம். இதோடு முடிந்தது என்றுதான் முதல் வருடம் நினைத்தேன். நாலு மணி நேர ஓட்டத்துக்குள் இன்னொரு நாலு மணி நேரம் ஒளிந்திருக்கிறது. முந்தின இரவு ஒன்பதுக்குப் படுப்பது, வந்ததும் கால் நீட்டி உட்காருவது, வியர்வைத் துணியை அலசுவது, மதியம் கண்ணைச் சுழற்றுவது எல்லாம் சேர்த்தால் அதுதான் நிஜக் கணக்கு. இந்த நேரத்தையெல்லாம் வேறு யாரோ ஒருவர் ஈடுகட்டுகிறார். அவர் யார் என்று தாளில் பெயர் போட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலைக் காபியும் பால் கணக்கும் கணவருக்கு, தோசை மாவு மாமியாருக்கு. பதிலுக்குச் சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் கணவருடையது. ஷட்டில் ஆடப் போவாரோ தூங்குவாரோ, நான் கேட்பதில்லை. மாமியாரின் வெள்ளிக்கிழமைக் கோயில் பயணத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அதை ஒரு வாரம்கூட ஓட்டத்துக்காக விட்டதில்லை.

ஓடுகிறவர் கணவர் என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு நீங்கள் கிளம்பும்போது, பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கும் வேலை வீட்டில் தொடங்கிவிடுகிறது. அதை முந்தின இரவே நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள். சீருடையை இஸ்திரி போட்டுவிடுங்கள். ஓடிவிட்டு வந்து “நான் ஏதாவது செய்யட்டுமா” என்று கேட்கும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

பணமும் பேசப்பட வேண்டியதுதான். இருபது வாரத்தில் ஏறக்குறைய 800 கி.மீ. ஓடுவீர்கள். ஒரு ஜோடி ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். ஆகவே பாதி வழியில் இரண்டாவது ஜோடி தேவைப்படும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். “ஸ்டாமினா இல்லை” என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தது இரத்தசோகை.

படி 2: காலண்டரில் முதலில் வீடு, பிறகு ஓட்டம்

ஜனவரிப் பந்தயத்துக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தொடங்கினால் இருபது வாரம் கிடைக்கும். இணையத்திலிருந்து எடுக்கும் பயிற்சி அட்டவணைகளுக்கு நம் வீட்டு நாள்கள் தெரியாது. அவற்றில் தீபாவளி இல்லை, காலாண்டுத் தேர்வு இல்லை, ஆவணி முகூர்த்தம் இல்லை. அதனால் நான் தினசரிக் காலண்டரை எடுத்து, வீட்டு நாள்களைச் சிவப்புப் பேனாவால் முதலில் வட்டமிடுகிறேன்.

ஆவணியில் கல்யாணங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. நவராத்திரி ஒன்பது நாளும் மாலையில் கொலு பார்க்க ஆள் வரும், படுக்கப் பத்தரை ஆகும். அந்த ஒன்பது நாளில் கடினமான ஓட்டம் எதையும் வைக்காதீர்கள். மெதுவாக ஓடிவிட்டு, வீட்டில் மீந்த சுண்டலைச் சாப்பிடுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு தசைக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமை ஒருவேளை உணவு விரதம் இருக்கிறவர்கள், மறுநாள் லாங் ரன்னைத் திங்களுக்கோ அதற்கு முந்தின வெள்ளிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றின் மறுநாள் 20 கி.மீ. வேண்டாம். தீபாவளி வாரம் முழுக்க இறக்க வாரமாக, அதாவது தூரத்தைக் குறைத்து ஓடும் வாரமாக இருக்கட்டும். அந்தப் புகையில் விடியற்காலை ஓடுவது நுரையீரலுக்கும் நல்லதில்லை. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு.

சிவப்பு வட்டங்கள் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் ஞாயிறுகளில் தூரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ஆகஸ்டில் 12 கி.மீ. செப்டம்பர் முடிவில் 20. அக்டோபர் முடிவில் 24. நவம்பர் முடிவில் 28. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் ஒரே ஒரு 30. மூன்று வாரம் ஏறினால் நான்காம் வாரம் இறங்க வேண்டும், 24-க்குப் பதில் 15 ஓடினால் போதும். அந்த இறக்க வாரத்தை நான் எப்போதும் வீட்டு விசேஷத்தின் மேல் பொருத்திவிடுவேன். உடலுக்கும் ஓய்வு, சம்பந்தி வீட்டாருக்கும் வருத்தம் இல்லை.

32 ஓட வேண்டும், 35 ஓட வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கப்போகிற நம்மைப் போன்றவர்களுக்கு என் எல்லை: 30 கி.மீ. அல்லது நான்கு மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. அதற்கு மேல் போனால் கிடைப்பதைவிட அடுத்த வாரம் இழப்பது அதிகம்.

படி 3: வாரத்தின் உருவம்

நான்கு நாள் ஓட்டம் போதும். செவ்வாய் 6 முதல் 8 கி.மீ. மெதுவாக. வியாழன் 8 முதல் 12, நவம்பரிலிருந்து அதன் நடுப்பகுதியைப் பந்தய வேகத்தில். சனி 5 கி.மீ. சும்மா. ஞாயிறு நீளம். திங்களும் வெள்ளியும் இருபது நிமிடம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதல், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குதல். மகன் கூடவே எண்ணிக்கை சொல்வான், அவனுக்கு அது விளையாட்டு. புதன் ஒன்றுமில்லை.

இடம் பற்றி ஒரு யோசனை. முதல் வருடம் லாங் ரன்னுக்கு மெரினா வரை ஸ்கூட்டியில் போவேன். போக, வர, வண்டி நிறுத்த என்று முக்கால் மணி நேரம் வீண். இப்போது வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். தெருவிலிருந்து கடற்கரைச் சாலை, அங்கிருந்து கோயில் குளம், திரும்ப வீடு. எட்டு வட்டம் போட்டால் 24. தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மேசையில் இருக்கும். மாமியாருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வாசலில் இருப்பேன். அந்த நிம்மதி எனக்கும் வேண்டும், அவர்களுக்கும் வேண்டும். வட்டம் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 30-க்கு மேல் பந்தயத்தில் வரும் அலுப்பைத் தாங்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பெண்கள் நாலு மணிக்குத் தனியாக ஓட வேண்டாம். பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் கிடைத்தார்கள், மூவருமாகக் கிளம்புகிறோம். ஒளி பட்டால் மின்னும் பட்டை, கணவர் ஃபோனுக்கு லைவ் லொகேஷன். தெருநாய் குரைத்தால் ஓடாதீர்கள். நின்று, நடந்து, அதன் தெருவைக் கடந்த பிறகு ஓடுங்கள்.

படி 4: மெதுவாக ஓடக் கற்றுக்கொள்வது

புதியவர்களிடம் நான் பார்க்கும் ஒரே பெரிய தவறு, எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடுவது. மெதுவும் இல்லை, வேகமும் இல்லை, தினமும் கொஞ்சம் மூச்சு வாங்கும். உடலும் தேறாது, வீட்டுக்கு வந்ததும் எரிச்சலும் கூடும். பிள்ளைகள் மேல் நான் கத்திய காலை நேரங்களைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் அவை “நல்லா ஓடினேன்” என்று நினைத்த நாள்களாக இருக்கின்றன.

மெதுவான ஓட்டத்தில்தான் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது. தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிபொருளாக எடுக்க உடல் பழகுகிறது. இதற்கு வேகம் தேவையில்லை, நேரம்தான் தேவை. சோதனை எளிது. பதிமூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். “ஓர் பதிமூணு பதிமூணு, ஈர் பதிமூணு இருபத்தாறு” என்று இரண்டு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரி. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். நடக்க வேண்டியிருந்தால் நடங்கள். எட்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது வெட்கப்படும் விஷயம் இல்லை. அப்படியே முழு மாரத்தானையும் முடிப்பவர்கள் ஏராளம்.

வேகத்தை எண்ணில் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் சமீபத்திய அரை மாரத்தான் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி, முதல் முறை ஓடுகிறவர் என்றால் அரை மணி நேரம் கூட்டுங்கள். என் அரை மாரத்தான் 2 மணி 21 நிமிடம். இரண்டால் பெருக்கினால் 4:42, அரை மணி சேர்த்தால் 5:12. கொஞ்சம் தாராளமாக 5:15 என்று வைத்தேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 28 நொடி. ஐந்து மணி நேரம் என்றால் 7:07. ஐந்தரை என்றால் 7:49. ஆறு மணி நேரம் என்றால் 8:32. ஞாயிறு லாங் ரன் இதைவிட அரை நிமிடமாவது மெதுவாக இருக்கட்டும். நான் 8 நிமிடத்தில் ஓடுகிறேன். நாலு மணிக்குக் கிளம்பினால் 28 கி.மீ. முடித்து ஏழே முக்காலுக்கு வீடு. ஒன்பது மணி இட்லிக்கு நேரம் இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது.

படி 5: தூக்கம், சாப்பாடு

தூக்கம்தான் வீட்டில் கேட்டு வாங்க வேண்டிய பெரிய உதவி. சனி இரவு ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கை அணைப்பது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் விழித்திருந்தீர்கள் என்றால் காலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிவிட்டு வேக ஓட்டம் செய்தால் காயம்தான் மிச்சம். உங்களுக்கே காய்ச்சல் என்றால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

தனிச் சமையல் தேவையில்லை. சனி இரவு தயிர்சாதமோ இட்லியோ. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் காபி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். சிறிய பேரீச்சம்பழம் ஐந்தில் அல்லது நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கடலைமிட்டாய் எனக்கு 20 கி.மீ. வரை ஒத்துக்கொண்டது, அதற்கு மேல் வாய் வறண்டு மெல்ல முடியவில்லை. அதற்கு ஜெல் (ஓட்டக்காரர்களுக்காகப் பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழ்) சௌகரியம். எது என்றாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் பந்தயத்தில் சாப்பிடுங்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. சென்னை ஈரப்பதத்தில் குறைவாகக் குடித்தாலும் விழுவோம். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் உயிருக்கு ஆபத்து. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். வந்தபோது எடை கூடியிருந்தால் அதிகம் குடிக்கிறீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், குத்துமதிப்பு கூடாது.

படி 6: மழையும் தவறிய வாரங்களும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மிக நீளமான ஓட்டங்கள் சரியாக அங்கேதான் வருகின்றன. தூறலில் ஓடலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடாதீர்கள். மூடியில்லாத சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் தண்ணீருக்கடியில் தெரியாது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். அந்த வார இறுதியில்தான் என் 30 கி.மீ. இருந்தது. மின்சாரம் இல்லை, தரைத்தள வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருந்தார்கள், பால் வாங்கவே முழங்கால் தண்ணீரில் போக வேண்டியிருந்தது. ஒன்பது நாள் ஓடவில்லை. ஓட்டத்தைப் பற்றி நினைக்கக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு 15, அதற்கடுத்த வாரம் ஒரு 26. அவ்வளவுதான், 30 நடக்கவே இல்லை. ஐந்து வாரத்தில் பந்தயத்தை முடித்தேன்.

அதனால் நம்பிக்கையோடு சொல்கிறேன்: தவறிய ஓட்டத்தை ஈடுகட்டாதீர்கள். செவ்வாய் போனால் போனதுதான். புதனும் வியாழனும் சேர்த்து ஓடினால் முழங்கால் போகும். ஒரு வாரம் பத்து நாள் விட்டால் உடல் கொஞ்சம்தான் இழக்கிறது, சீக்கிரமே திரும்பி வரும். மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், குறிக்கோள் நேரத்தை விட்டுவிட்டு “முடிக்க மட்டும்” என்று மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது 10 கி.மீ.க்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

படி 7: கடைசி மூன்று வாரம் வீட்டுக்கு

மார்கழி பிறந்ததும் தூரம் குறைய வேண்டும். 20, 12, பிறகு பந்தயம். ஓட்டக்காரர்கள் இதை டேப்பர் என்கிறார்கள். காலில் சேர்ந்திருக்கும் களைப்பு ஆறுவது இப்போதுதான், ஆகவே பயந்துபோய்க் கூடுதலாக ஓடாதீர்கள். அரையாண்டு விடுமுறையும் இதே சமயத்தில் வருவது நமக்கு அதிர்ஷ்டம். பிள்ளைகளைப் பாட்டி ஊருக்குக் கூட்டிப்போங்கள். ஆறு மணிக்குத் திரும்பும்போது தெருவெல்லாம் கோலம் போட்டு முடித்திருப்பார்கள், நம் வாசல் மட்டும் காலியாக இருக்கும். முதல் வருடம் அது உறுத்தியது. இப்போது இந்த மூன்று வாரமும் நானே கோலம் போடுகிறேன், குந்தி உட்கார்ந்து எழுவது இடுப்புக்கும் நல்லதாக இருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பொங்கலுக்கு முந்தின சுத்தம் பந்தய வாரத்தில்தான் வரும். பரண்மேல் ஏறிப் பாத்திரம் இறக்குவது, ஒட்டடை அடிப்பது, கனமான அலமாரியை நகர்த்துவது எல்லாவற்றையும் டிசம்பர் கடைசி வாரமே முடித்துவிடுங்கள். பந்தயத்துக்கு மறுநாள் ஸ்டூலில் ஏற முடியாது, முந்தின நாள் ஏறவே கூடாது.

படி 8: பந்தய நாள் வேகம்

சமீப ஆண்டுகளில் சென்னையில் முழு மாரத்தான் அதிகாலை நாலு மணிக்கு நேப்பியர் பாலத்திலிருந்து தொடங்குகிறது. இருட்டு, குளிர்ந்த காற்று, மேளச் சத்தம், மூன்று வார ஓய்வெடுத்த கால்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் பறப்பது போல இருக்கும். அங்கேதான் பந்தயத்தைத் தோற்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடை என்றால் 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேமிக்க முடிகிற மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். வேகமாக ஓடினால் அந்தக் கையிருப்பிலிருந்து அதிகம் எடுக்கிறோம், மெதுவாக ஓடினால் கொழுப்பும் பங்கு தருகிறது. தொடக்கத்தில் ‘சேர்த்துவைத்த’ ஐந்து நிமிடத்துக்கு 30-வது கிலோமீட்டரில் அரை மணி நேரம் வட்டி கட்ட வேண்டியிருக்கும். நான் கட்டியிருக்கிறேன். 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ மாரத்தானில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடி என்ற உலக சாதனையை ஓடினார். முதல் பாதி 60 நிமிடம் 48 நொடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 நொடி. அவருக்கே பின்பாதிதான் வேகமான பாதி.

நமக்கு வெயில் என்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கிறது. 5:15 ஓடுகிறவர் முடிக்கும்போது மணி 9:15. கடைசி இரண்டே முக்கால் மணி நேரம் வெளிச்சத்திலும், அதில் பாதிக்கு மேல் சுள்ளென்ற வெயிலிலும் போகும். இருட்டில் எளிதாக இருந்த வேகத்துக்கே வெயிலில் இதயம் கூடுதலாக அடிக்கும்.

என் 5:15 திட்டம் இப்படி. முதல் 5 கி.மீ. 7:40 வேகத்தில், 38 நிமிடம். அதன்பின் 7:26. பத்தாவது கிலோமீட்டரில் 1:15. பாதித் தூரத்தில் 2:38. முப்பதில் 3:44. நாற்பதில் 4:58. இந்த ஐந்து எண்களையும் முந்தின இரவு மகள் என் இடது முன்கையில் பேனாவால் எழுதினாள். வாட்சைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். வாட்ச் பற்றி இன்னொன்று: வளைவுகளில் நாம் வெளிப்பக்கம் ஓடுவதாலும் ஜிபிஎஸ் பிசகுவதாலும் அது 42.6 என்று காட்டக்கூடும். அதனால் வாட்சில் சராசரி 7:28 இருந்தால் போதாது, 7:24 இருக்க வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் பலகையை நம்புங்கள்.

நேரம் எழுதிய கொடி பிடித்து ஓடும் பேஸர்களின் கூட்டத்தை இங்கே பஸ் என்கிறார்கள். பஸ்ஸில் ஏறுவது நல்லதுதான். ஆனால் உங்கள் நேரத்துக்கான பஸ் இல்லையென்றால், அடுத்த மெதுவான பஸ்ஸில் ஏறி, 30-க்குப் பிறகு தெம்பிருந்தால் இறங்கி முன்னே போங்கள். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்தபடியே குடியுங்கள். அந்த அரை நிமிட நடை நேரத்தைக் கெடுக்காது. ஓடும்போது வலி மாத்திரை போடாதீர்கள், உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தலைச்சுற்றல், வியர்வை நின்று சிலிர்ப்பு, நெஞ்சு வலி எதுவானாலும் உடனே நின்று உதவி கேளுங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

30 வரை திட்டம். அதற்கப்புறம் நூறு நூறு மீட்டராக அடுத்த விளக்குக்கம்பம் வரை என்று ஓடுங்கள்.

படி 9: வீட்டார் எங்கே நிற்க வேண்டும்

நாலு மணித் தொடக்கத்துக்குப் பிள்ளைகளை எழுப்பி இழுத்து வராதீர்கள். தூங்கட்டும். அவர்கள் தேவைப்படும் இடம் 32-வது கிலோமீட்டர் பக்கம். சாலை மறிப்பு எங்கே என்று முன்பே பார்த்து, நடந்து போகக்கூடிய ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் புள்ளியாகச் சொல்லாமல் “ஏழே முக்காலிலிருந்து எட்டேகாலுக்குள்” என்று சொல்லுங்கள். தாமதமானால் பதறமாட்டார்கள். மாற்று சாக்ஸ், நீங்கள் பழகிய ஜெல், ஒரு தொப்பி அவர்களிடம் இருக்கட்டும். என் மகன் “அம்மா, இன்னும் மூணு வட்டம்தான்!” என்று கத்தினான். நம் தெரு வட்டத்தை அவன் கணக்கு வைத்திருந்தான்.

முடித்த அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, சீக்கிரம் படுங்கள். இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வரும், அந்த நேரத்தில் காபி போட்டு மாமியாருக்கும் கணவருக்கும் கொடுங்கள். காலண்டரைக் கழற்றி, மிச்சப் பென்சில் எழுத்துகளை அழித்துவிடுங்கள். அடுத்த பந்தய அறிவிப்பு பிப்ரவரிக்குள் ஃபோனில் வந்துவிடும். உடனே பணம் கட்டாதீர்கள். இந்த வருடம் ஓடாதவர் அடுத்த ஐந்து மாதத்தில் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்டு, அதை முதலில் காலண்டரில் குறியுங்கள். என் கணவர் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்தக் கோடைக்கு ஞாயிறு காலைக் காபி என்னுடையது.